எண்ணூர்க் கடலும் ஒளியிழையும்

எண்ணூர்க் கரையில் கட்டுமரங்கள் நின்ற இடத்தில் இன்று பைபர் படகுகள் நிற்கின்றன. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யப்படும் இப்படகு, அறிவியலார் 'கூட்டுப்பொருள்' என வழங்கும் வகையைச் சார்ந்தது. இரும்பு நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கூட்டுப்பொருளிலோ மேற்பரப்பு பழுதின்றித் தோன்ற, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும்.

இம்மறைநோயைக் காட்டவல்லது ஒளியிழை உணரி. தலைமுடியளவு பருமனுள்ள கண்ணாடி இழையை அடுக்குகளுக்கிடையே பதிக்கின்றனர். அதனுள் அமைந்த நுண்வரிகள் குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். பொருள் நீண்டால் வரிகளின் இடைவெளியும் நீளும். திரும்பும் ஒளியின் அலைநீளம் மாறும். அம்மாற்றமே திரிபின் அளவு. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீட்சியையும் இதனால் அறியலாம். வெப்பத்தாலும் அலைநீளம் மாறுமாதலின், திரிபு ஏறாத மற்றோர் இழையை உடன்வைத்து ஒப்பிடுவர்.

1978-இல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர் இவ்வரிகளை இழையில் முதன்முதலாக உண்டாக்கினர். அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 984-இல், பாக்தாதில் இப்னு சஹ்ல் ஒளிவிலகல் விதியைக் கண்டு எழுதிவைத்தார் என்பதை நினைவுகூர்தல் நம் கடன்.

ஏழை மீனவரின் படகில் இவ்வுணரியைப் பதிக்க வேண்டும் என நாம் கூற வரவில்லை. அச்செலவு அவருக்குத் தாங்காது. தாங்கவல்லவை தொழிற்சாலைகள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அம்மாதத் தொடக்கத்து மிக்ஜாம் புயலில் குழாயைச் சூழ்ந்த பாறைகள் புரண்டு சேதம் விளைந்திருக்கலாம் என்று அரசு அமைத்த குழு கருதியது. புயலுக்கும் கசிவுக்கும் இடையே மூன்று வாரங்கள் இருந்தன. எஃகுக் குழாயின் மேனியிலும் ஒளியிழையைப் பொருத்தலாம். பாறை அழுத்திய அன்றே அது திரிபைக் காட்டியிருக்கக் கூடுமன்றோ?

ஆகவே, மக்கள் வாழும் கரையோரம் நச்சுப்பொருள் கொணரும் குழாய்கள் அனைத்திற்கும் இத்தகைய கண்காணிப்பைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது நம் கருத்து.

தமிழ்த்துறை மலரில் இப்பேச்சு எதற்கு என்பார் உளர். அளவுகோல் காட்டும் எண் ஆலையின் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிட்டால் யாருக்கு என்ன பயன்? அது எச்சரிக்கையாகி, எளிய தமிழில், உரிய நேரத்தில் குப்பத்து வாசலை எட்ட வேண்டும். அந்தச் சொற்களை ஆக்கித் தருவது தமிழ் கற்றோர் பணியே.