எந்தச் சாமியாரைக் கிழிச்சிருக்கான்?

சாமியார் படம் ஒன்று வந்துவிட்டால் போதும், படம் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. "எந்தச் சாமியாரைக் கிழிச்சிருக்கான்?" என்றுதான் கேட்கிறார்கள். காவியா, வெள்ளை அங்கியா? நம்ம ஆள் என்றால் முகம் தொங்கிப்போகிறது. அடுத்தவன் ஆள் என்றால் வாயெல்லாம் பல். எடுத்தவன் இரண்டரை மணி நேரம் தொண்டை வறளச் சொன்னது என்ன என்பது இரண்டு தரப்புக்கும் போய்ச் சேருவதே இல்லை.

நான் இருப்பது ஹைதராபாத்தில், குஷாய்குடாவில். பக்கத்தில் ஈ.சி.ஐ.எல். 1967-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நாம் ஓட்டுப் போடும் மின்னணு இயந்திரத்தைச் செய்கிற இரண்டு நிறுவனங்களில் ஒன்று. சற்றுத் தள்ளி அணு எரிபொருள் வளாகம். படிப்புக்குக் குறைவில்லாத ஏரியா. அதே ஏரியாவில் ரோட்டோரக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். குணமளிக்கும் கூட்டத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதன் தலைக்கு மேலேயே யாரோ ஒரு குருஜியின் தியான முகாமுக்கு இன்னொரு ஃபிளெக்ஸ். இரண்டிலும் அதே சிரிப்பு, அதே தூக்கிய கை, கீழே அதே 'அனுமதி இலவசம்'. ஃபிளெக்ஸ்காரர்களுக்குள் தகராறே இல்லை. தகராறெல்லாம் நமக்குள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து 'ட்ரான்ஸ்' பார்த்தோம். 2020 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம். அன்வர் ரஷீத் இயக்கி, ஃபகத் ஃபாசில் நடித்தது. 2022-இல் 'நிலை மறந்தவன்' என்று தமிழிலும் விட்டார்கள். கதை தொடங்குவது நம்ம கன்னியாகுமரியில். 'தன்னம்பிக்கை' வகுப்பு எடுத்துப் பிழைப்பை ஓட்டும் விஜு பிரசாத்துக்கு இருந்தது ஒரே தம்பி. அவனும் தற்கொலை செய்துகொள்கிறான். அம்மா போனதும் அதே வழியில்தான். உடைந்து கிடக்கிற ஆளைக் கோட்டு சூட்டு போட்ட இரண்டு முதலாளிகள் கண்டெடுக்கிறார்கள். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பைபிளை மனப்பாடம் செய்யவைத்து, ஜோஷ்வா கார்ல்டன் என்று பெயர் சூட்டி, அற்புதம் செய்யும் பாஸ்டராக மேடையில் ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு கூட்டமென்ன, பணமென்ன!

படம் ஓட ஆரம்பித்ததுமே மேல் வீட்டு மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பாஸ்டரைப் போட்டுப் பொளந்திருக்கான் பாருங்க தம்பி!" என்றார். எதிர் வீட்டு அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "எங்க ஆளுங்களைத்தான் எடுப்பாங்களா? மத்தவங்களை எடுக்கத் தைரியம் இருக்கா?" என்று முறைத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், பாபி தியோல் சாமியாராக நடித்த 'ஆஷ்ரம்' தொடரைப் பற்றி இதே மாமா என்னிடம் புலம்பியிருக்கிறார். "நம்ம ஆளுங்களைத்தான் எடுப்பானுங்களா? மத்தவங்களை எடுக்கத் தைரியம் இருக்கா?" அதே வரி. ஆள்தான் வேறு.

படத்தின் நெஞ்சு எது என்று கேட்டால், விநாயகன் நடித்த தாமஸ் என்கிற அப்பாவி அப்பனைச் சொல்வேன். மகளுக்கு உடம்பு முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், பாஸ்டரின் ஜெபத்தை நம்பிக் காத்திருக்கிறான். குழந்தை போய்விடுகிறது. அந்தக் கட்டம் வந்ததும் ரிமோட் வைத்திருந்த மாமா, "இழுக்கிறான்" என்று பத்துப் பத்து விநாடியாகத் தள்ள ஆரம்பித்தார். பாஸ்டர் மேடையில் ஆடுகிற இடம் வந்ததும்தான் விரல் நின்றது. படம் முடிந்ததும் அவரே தீர்ப்பும் சொன்னார்: "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர். செகண்ட் ஹாஃப் லேக்."

மாமாவைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? படம் வந்தபோது பெரும்பாலான விமர்சனங்களும் இந்த அச்சில்தானே வார்க்கப்பட்டன! ஃபகத் மிரட்டியிருக்கிறார், ஒளிப்பதிவு அபாரம், இரண்டாம் பாதி தொய்வு, ஐந்துக்கு இத்தனை. இரண்டாம் பாதியில் குறையே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாமில் கொண்டுபோய் முடித்தது எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் அந்த அப்பன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அலச எத்தனை பேருக்கு இடம் இருந்தது? அந்தக் கேள்வியைக் கேட்கத்தானே படமே எடுத்தார்கள். திருவனந்தபுரத்துத் தணிக்கைக் குழு காட்சிகளை வெட்டச் சொன்னபோது மாட்டேன் என்று மறுத்து, மும்பை மறுஆய்வுக் குழு வரைக்கும் போய், வெட்டில்லாமல் வாங்கிவந்த படம் அது. கத்தரிக்கோலிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்ததை நாம் ரிமோட்டில் வெட்டிக்கொள்கிறோம்.

படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்களையாவது கையெடுத்துக் கும்பிடலாம். பார்க்காமலேயே கொதிக்கிறவர்களை என்ன செய்வது? 2021 அக்டோபரில் போபாலில் 'ஆஷ்ரம்' படப்பிடிப்புக்குள் ஒரு கூட்டம் புகுந்து அடித்து நொறுக்கியது. இயக்குநர் பிரகாஷ் ஜா மீது மை வீசியது. 2024 ஜூனில் 'மகாராஜ்'. 1862-இல் பம்பாய் நீதிமன்றத்தில் நடந்த மானநஷ்ட வழக்குதான் கதை. மதத் தலைவர் ஒருவரின் ஒழுக்கக்கேட்டை எழுதிய பத்திரிகையாளர் கர்சன்தாஸ் முல்ஜி அந்த வழக்கில் ஜெயித்தார். தீர்ப்பு வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ட்ரெய்லர்கூட வெளிவராத படத்துக்குக் குஜராத் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். நீதிபதி படத்தைப் போட்டுப் பார்த்தார். யாரையும் புண்படுத்த இதில் ஒன்றுமில்லை என்று தடையை நீக்கினார். பார்த்துவிட்டுப் பேசுவது என்கிற எளிய காரியத்தைச் செய்ய நம் ஊரில் ஒரு நீதிபதி வேண்டியிருக்கிறது!

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1960-இல் சத்யஜித் ராய் 'தேவி' எடுத்தார். மருமகள் காளியின் அவதாரம் என்று மாமனார் கனவு காண்கிறார். பதினேழு வயதுப் பெண்ணை உட்காரவைத்துக் கும்பிட ஆரம்பிக்கிறது ஊர். யாரோ ஒருவரின் பிள்ளை தற்செயலாகப் பிழைத்துக்கொள்ள, கூட்டம் வரிசை கட்டுகிறது. கடைசியில் அந்த வீட்டுக் குழந்தைக்கே காய்ச்சல். வைத்தியரிடம் விடாமல் தேவியின் மடியில் கிடத்துகிறார்கள். பிள்ளை பிழைக்கவில்லை. அன்றும் நம்மவர்கள் கேட்டது பிள்ளை ஏன் செத்தது என்று அல்ல. ராய் இந்து மதத்தைத் தாக்குகிறாரா இல்லையா என்றுதான். 1960-இல் வங்காளத்து ஜமீன் வீடு, 2020-இல் கேரளத்துப் பாஸ்டர் மேடை. அறுபது வருஷ இடைவெளியில் மதம் மாறியிருக்கிறது, மொழி மாறியிருக்கிறது, மேடையும் மைக்கும் வந்திருக்கின்றன. இரண்டிலும் வைத்தியம் கிடைக்காமல் சாவது குழந்தை. இரண்டையும் பார்த்துவிட்டு மதச் சண்டை போடுவது பெரியவர்கள்.

வெளிநாட்டுக்காரன் நம்மைவிட உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். 2012-இல் பால் தாமஸ் ஆண்டர்சன் 'தி மாஸ்டர்' எடுத்தார். சயின்டாலஜியை ஆரம்பித்த ரான் ஹப்பார்டை மனதில் வைத்து உருவாக்கிய குரு பாத்திரம். வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநர் விருது அதற்குத்தான். நடிகர் விருதை வாக்கீன் ஃபீனிக்ஸும் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மனும் பகிர்ந்துகொண்டார்கள். 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் அந்த ஆண்டின் முதல் படம் என்றது. ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார். தியேட்டரில் போட்ட முதலும் திரும்பவில்லை. குருவின் முகத்திரை கிழியும் என்று டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்னவோ, போரில் மனம் சிதைந்த ஒரு கடற்படைக்காரன் ஒரு குருவைத் தேடி ஒட்டிக்கொள்கிற கதை. அதில் வில்லன் வசமாகச் சிக்கவில்லை, குரு நடுவில் கைதானாலும் கதை அதோடு முடியவில்லை. பிறகு ஜனங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?

சாமியாருக்குக் கடைசியில் செருப்படி விழ வேண்டும், போலீஸ் ஜீப் வர வேண்டும், நாம் விசில் அடிக்க வேண்டும். அப்படி முடிந்தால் நல்ல படம். அந்தச் சாமியாரை யார் வளர்த்தது என்று கேமரா நம் பக்கம் திரும்பினால், "லேக்".

படிப்பறிவில்லாதவர்கள் ஏமாறுகிறார்கள் என்பார் மாமா. 2021 ஜனவரியில் ஆந்திராவின் மதனப்பள்ளியில் நடந்தது அவருக்கும் தெரியும். அப்பா கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர், அம்மா பள்ளிக்கூடம் நடத்துபவர். வளர்ந்த இரண்டு மகள்களையும், மறுபடி உயிரோடு எழுந்து வருவார்கள் என்று நம்பிக் கொன்றதாகப் போலீஸ் சொன்னது. இங்கே எல்லா சேனலிலும் அதுதான் ஓடியது. பட்டம் வாங்கிய வீட்டில் இது நடக்காது என்று இனி யார் வாயைத் திறந்து சொல்ல முடியும்? துக்கமும் பயமும் தனிமையும் பட்டம் பார்த்தா வருகின்றன?

விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமியாராக நடித்தவருக்கு நாலு வரி எழுதும்போது, அவர் காலில் விழுந்தவனுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அவன் ஏன் விழுந்தான் என்று படம் சொல்கிறதா, ஒழுங்காகச் சொல்கிறதா என்று எழுதுங்கள். மாமாவுக்கும் அக்காவுக்கும், இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒன்று: படம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால் முதலில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சாமி கும்பிடுவதை, ஜெபம் பண்ணுவதை, அங்கே பெஞ்சில் உட்கார்ந்தும் செய்யலாம். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.