ஒண்ணும் பண்ணாதும்மா... விளையாடுது!

நாய் வளர்ப்பவர்களைச் சீண்டி எழுதினால் கடிதங்கள் குவியும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாயை வெறுக்கிற ஜாதி இல்லை நான். நாய்க்காரர்களில் ஒரு சிலரைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது, கவனித்தீர்களா? வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலோ பெங்களூரிலோ காரில் நாயை ஏற்ற வேண்டியது. விடியும் நேரத்தில் போளூர், அத்திமூர் தாண்டி ஜவ்வாது மலை ஏற வேண்டியது. ஜமுனாமரத்தூரில் டீ. பிறகு பீமன் மடவு அருவிப் பக்கமோ, கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒரு காட்டுப் பாதையிலோ இறங்கி, கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டு, 'ஓடுடா ராஜா' என்பது. அது ஓடுவதைப் படம் பிடித்து, நாயின் பெயரிலேயே இருக்கிற இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவது. கேட்டால் 'ட்ரெக்கிங்' என்கிறார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. படத்தில் விழாத பகுதிதான் பிரச்னை.

ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு குக்கிராமத்தில் நான் பார்த்தது இது. மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தைக்குள் பொன்னிறத்தில் கொழுகொழுவென்று ஒரு நாய் பாய்ந்தது. ஆடுகள் திசைக்கொன்றாகச் சிதறின. மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, 'நாயைப் புடிங்க சார்... சினை ஆடு சார்!' என்று கத்தினார். அரைக்கால் சட்டைக்காரர் சிரித்துக்கொண்டே, 'ஒண்ணும் பண்ணாதும்மா, விளையாடுது' என்றார். ஒரு ஆடு முள்ளுப் புதருக்குள் விழுந்து எழுந்து நொண்டியது. மனிதர் பர்ஸை எடுத்து ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. 'ராத்திரி குட்டி போட்டுடுச்சின்னா யார் சார் வருவீங்க?' என்று மட்டும் கேட்டார்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் வரவு செலவாகப் பார்த்துத்தான் பழக்கம். ஆடு ஐந்து மாதம் சினை சுமக்கும். மலைக் குடும்பத்துக்கு அது பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, சாமை விளையாத வருஷத்தின் அரிசி. ஓடி மிரண்டு கரு கலைந்தால் அந்தக் கணக்கில் ஐந்து மாதம் அழிகிறது. இந்தப் பக்கம் பேரேட்டில் என்ன இருக்கிறது? ஒரு வீடியோ, எழுநூறு லைக்!

'வெளிநாட்டில் எல்லாரும் நாயோடதானே சார் மலை ஏறுறாங்க?' என்று உடனே ஒரு கேள்வி வரும். ஏறுகிறார்கள், உண்மைதான். எப்படி ஏறுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் திறந்த வெளிகளில் நடக்கும் உரிமையை 2000-ம் வருஷச் சட்டம் கொடுத்தது. அதே சட்டம், பறவைகள் தரையில் முட்டையிடும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அந்த நிலங்களில் நாயை இரண்டு மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. ஆட்டை நாய் துரத்தினால் அங்கே 1953-ம் வருஷத்திலிருந்து அது குற்றம். வேறு வழியே இல்லாத நிலையில், மந்தையைக் காப்பாற்ற விவசாயி அந்த நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது! அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் நாய் போகலாம் என்கிற இடத்திலும் ஆறு அடிக் கயிறு கட்டாயம். பெரும்பாலான காட்டுத் தடங்களில் அதற்கும் அனுமதி கிடையாது. நாம் வெளிநாட்டிலிருந்து நாயை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். கயிற்றைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

இன்னொன்று. ஜவ்வாது மலையில் நீங்கள் 'சும்மா கிடக்கிற காடு' என்று நினைத்து இறங்குகிற இடத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ம் வருஷத்து வனச் சட்டத்திலேயே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 உயிர்கள் போன பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனியாக விதிகள் போட்டது. 2024-ல் வழிகாட்டியோடு போகிற தடங்களை அரசே திறந்து, ஆன்லைனில் முன்பதிவும் வைத்தது. இவ்வளவுக்குப் பிறகும், 'கூகுள் மேப்புல பாதை காட்டுதே' என்று நாயோடு உள்ளே போனால் அதற்குப் பெயர் சாகசம் இல்லை.

காட்டுக்குள் நாய் என்ன செய்கிறது? துரத்துகிறது. அது அதன் குணம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. கௌதாரி, காட்டுக்கோழி, மயில் எல்லாம் தரையில்தான் முட்டை வைக்கின்றன. பல்லே படாவிட்டாலும், மிரண்டு ஓடுகிற புள்ளிமான் பாறையில் கால் ஒடித்துக்கொண்டால் அங்கே கட்டுப்போட யாரும் இல்லை. இந்தியா முழுக்க எடுத்த ஒரு ஆய்வு 2017-ல் வெளியானது. நாய்களால் தாக்கப்பட்டதாக அதில் பதிவான காட்டு உயிரினங்கள் 80 வகை. அவற்றில் 31 வகை, அழியும் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் இருப்பவை.

அப்புறம் நோய். நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் என்ற வைரஸ் 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டி காட்டுக்குள் புகுந்தது. சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காலி. காட்டைச் சுற்றியிருந்த ஊர்களின் வளர்ப்பு நாய்களிடமிருந்து போனது என்றுதான் விஞ்ஞானிகள் கணித்தார்கள். 2018-ல் நம் குஜராத் கிர் காட்டில் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் சோதனையில் சிக்கியது இதே வைரஸ்தான்.

'எங்க டைகருக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு' என்பீர்கள். சந்தோஷம். ஊசி உங்கள் டைகரைக் காப்பாற்றும். அது துரத்துகிற மானுக்கு டைகரின் தடுப்பூசி அட்டையைப் படிக்கத் தெரியாது. அதன் ரோமத்தில் தொற்றி வருகிற உண்ணிக்கும் தெரியாது.

'ஊர் நாய்கள் மட்டும் துரத்தலையா?' துரத்துகின்றன. இந்தக் கேள்வி நியாயமானது. மலைக் கிராமங்களின் நாய்களுக்கு வருஷா வருஷம் தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய வேண்டியது அரசின் வேலை, அது சரியாக நடக்க வேண்டும். ஆனால், ஏற்கெனவே ஒழுகுகிற கூரையில் நாமும் ஒரு ஓட்டை போடுவோம் என்பது என்ன வாதம்? தவிர, அங்கே நாய்க்கு உத்தியோகம் இருக்கிறது. ராத்திரி சாமைக் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வந்தால் குரைத்து எழுப்ப வேண்டும். பட்டியைக் காக்க வேண்டும். அதற்கு மேடு பள்ளம் தெரியும், எந்த வாசனைக்கு நின்றுவிட வேண்டும் என்று தெரியும். உங்கள் நாய்க்கு லிஃப்டும் ஏ.சி.யும் தெரியும்.

அதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். ஜவ்வாது மலை ஊட்டி இல்லை ஐயா. ஏப்ரல் மத்தியானத்தில் பாறை கொதிக்கும். பனிப் பிரதேசத்து ஹஸ்கியை அங்கே இழுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் பாசமா? சிறுத்தை வேறு. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே, பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு சிறுத்தை வந்து, கடைசியில் கார் ஷெட்டில் வைத்துப் பிடித்தார்கள். மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தைகள் என்ன தின்கின்றன என்று எச்சத்தை வைத்து ஆராய்ந்தபோது, எடைக் கணக்கில் 39 சதவிகிதம் நாய்! நீங்கள் செல்லம் என்று கூட்டிப்போவதை அங்கே வேறொருவர் டிபன் என்று பார்க்கிறார்.

இந்த வட்டாரத்துக்கு நாயின் அருமை தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே 7-ம் நூற்றாண்டில், பல்லவ மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் இருக்கிறது. தொறுப் பூசலில், அதாவது மாடு பிடி சண்டையில், செத்துப்போன கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல் அது. அவன் பின்னால் ஒரு நாய். பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்த நாயின் பெயரையும் சேர்த்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். செங்கம் நடுகற்களைப் பற்றித் தொல்லியல் துறை 1972-ல் புத்தகமே போட்டது. மந்தையைக் காத்த நாய்க்கு ஆயிரத்து நானூறு வருஷம் நிற்கிற கல் வைத்த சீமைக்குப் போய், மந்தையைக் கலைக்கிற நாய்க்கு வீடியோ எடுக்கிறோம்.

நாயோடு போயே தீருவேன் என்றால் போங்கள், யார் தடுத்தது? தார் ரோட்டோரம் நடங்கள். இரண்டு மீட்டர் கயிறு கையை விட்டு நழுவக் கூடாது. ஊருக்குள் நுழையும் முன் யாரையாவது கேளுங்கள். மந்தை எதிரே வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், ஆடு இல்லை. காடு ஆரம்பிக்கிற இடத்தில் நாயோடு திரும்பிவிடுங்கள்.

உண்மையில் இந்த வியாதியின் வேர் மலையில் இல்லை. நாய்க்கு அனுமதி இல்லை என்ற போர்டு தொங்காத மாநகராட்சிப் பூங்காவை நகரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிளாட்பாரம் கடைக்காரருக்கு, தெரு பைக்குக்கு. பாவம், அந்த லாப்ரடார் வாரம் முழுக்க பால்கனியில் கிடக்கிறது. அதற்கு ஓட இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். அந்தக் கோரிக்கையை வேலி போட்ட ஒரு மைதானமாக உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்?