வைத்தியப் பாஷையா? மந்திரப் பாஷையா?

நமது நாட்டில் ஒரு சங்கதி ஜனங்களுக்கு விளங்காமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு என்கின்ற எண்ணம் வெகுகாலமாக இருந்து வருகிறது. கல்யாணத்தில் சொல்லப்படுகிற மந்திரத்துக்கு மாப்பிள்ளைக்கும் அர்த்தம் தெரியாது. பெண்ணுக்கும் அர்த்தம் தெரியாது. அநேகமாய் அதைச் சொல்லுகிற புரோகிதருக்கும் தெரியாது. தெரியாததினாலேயே அது உயர்ந்தது என்று கருதப்பட்டது. இந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பற்றி எவ்வளவோ பேசியும் எழுதியும் ஆகிவிட்டது. ஆனால் அதே புரோகிதத்தனம் வேறு வேஷம் போட்டுக்கொண்டு, வைத்தியம், நர்ஸ் வேலை, மருந்துக்கடை வேலை, பரிசோதனைக்கூட வேலை முதலியவை படிக்கின்ற பிள்ளைகளின் வகுப்புக்குள் உட்கார்ந்திருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் 2020-ஆம் வருஷம் ஒரு சட்டம் செய்து, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறிய பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்லூரிகளில் உள்ள சர்க்கார் ஒதுக்கீட்டு இடங்களில் நூற்றுக்கு ஏழரை வீதம் ஒதுக்கப்பட்டது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும், குடியானவர் வீட்டுப் பிள்ளையும் உள்ளே போக வெளிக்கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் உள்ளே போன பிள்ளைக்கு முன்னால் இரண்டாவது கதவு ஒன்று நிற்கிறது. அதுதான் வார்த்தைக் கதவு. பிராணன் நிற்கின்ற இடமாகிய இருதயத்தையும் நுரையீரலையும் பற்றிய முதல் பாடத்தைத் திறந்தவுடனேயே ஏட்ரியம், வென்ட்ரிக்கிள், மைட்ரல், கரோனரி, ட்ரக்கியா, ப்ளூரா, அல்வியோலஸ் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. தமிழில் படித்து வந்த பிள்ளை, "இது நமக்கு வராத வித்தை" என்று நினைத்து விடுகிறது. அர்த்தம் கேட்டால், "பரீட்சைக்கு இப்படியே எழுது" என்று சொல்லுகிற உபாத்தியாயர்களும் இருக்கிறார்கள். இதற்கும் மந்திரம் உருப்போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

பூச்சாண்டியின் உள்ளே என்ன இருக்கிறது?

இந்த வார்த்தைகள் ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழுந்தவையல்ல. கிரேக்கரும் ரோமரும் தங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசின சாதாரண வார்த்தைகளேயாகும். ஏட்ரியம் என்றால் ரோமாபுரி வீட்டின் முன்கூடம். வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் வந்து சேருகிற இடம். இருதயத்திலும் இரத்தம் முதலில் வந்து சேருகிற மேலறைக்கு அதுவே பெயராயிற்று. வென்ட்ரிக்கிள் என்றால் சிறு வயிறு. இரத்தத்தை வெளியே தள்ளுகிற கீழறை. மைட்ரல் வால்வு என்றவுடன் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அது வேறொன்றுமில்லை. கிறிஸ்தவ பிஷப்புமார்கள் தலையில் வைக்கிற இரண்டு மடல் குல்லாவைப் போல இருப்பதால் வந்த பெயர். கரோனரி என்றால் கிரீடம் போலச் சுற்றியிருப்பது. இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கின்ற குழாய்கள் அதன் தலையைச் சுற்றி இருப்பதால் அப்பெயர். ப்ளூரா என்றால் விலாப்பக்கம். அல்வியோலஸ் என்றால் சிறு குழி. ஆஸ்துமா என்றால் மூச்சு வாங்குதல். ஆஞ்சைனா என்றால் நெரித்தல். நெஞ்சை நெரிக்கிறது என்று நம் கிராமத்துக் கிழவி சொல்லுகிறாளே, அதையேதான் லத்தீனில் சொல்லுகிறார்கள். கிழவி சொன்னால் பட்டிக்காட்டுப் பேச்சு, லத்தீனில் சொன்னால் சாஸ்திரம் என்பது என்ன நியாயம்?

நமது சொந்த வார்த்தையைத்தான் பாருங்களேன். நுரையீரல் என்கிறோம். நுரையைப் போன்ற ஈரல். கசாப்புக் கடையில் ஆட்டு நுரையீரலைத் தொட்டுப் பார்த்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டியதில்லை. காற்று நிரம்பிய பல கோடிக் குழிகள் உள்ளே இருப்பதால்தான் அது நுரைபோல் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. பெயரிலேயே பாடம் இருக்கிறது.

இன்னொரு சௌகரியமும் உண்டு. இந்த நீண்ட வார்த்தைகள் பெரும்பாலும் சில துண்டுகளை ஒட்டவைத்துச் செய்தவை. கார்டியா என்றால் இருதயம். மயோ என்றால் தசை. பெரி என்றால் சுற்றிலும். எண்டோ என்றால் உள்ளே. டாக்கி என்றால் வேகம். பிராடி என்றால் மந்தம். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. இந்த ஏழு துண்டு தெரிந்தவனுக்கு பெரிகார்டைட்டிஸ், எண்டோகார்டைட்டிஸ், மயோகார்டைட்டிஸ், டாக்கிகார்டியா, பிராடிகார்டியா என்கிற ஐந்து பூச்சாண்டிகளும் அன்றைக்கே ஓடிப்போகும். ஏழைத் தெரிந்துகொள்ளுவதை விட்டு ஐம்பதை உருப்போடச் சொல்லுவது படிப்பாகுமா?

"அசுத்த" இரத்தம்

அர்த்தம் தெரியாமல் உருப்போடுவதனால் வருகிற கேட்டுக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். உடம்பெல்லாம் சுற்றித் திரும்பி வருகிற இரத்தத்துக்கு "அசுத்த இரத்தம்" என்றும், நுரையீரலிலிருந்து வருகிற இரத்தத்துக்கு "சுத்த இரத்தம்" என்றும் நம் பாடங்களில் எழுதியும் சொல்லியும் வந்திருக்கிறார்கள். மனிதனைச் சுத்தன், அசுத்தன் என்று பிரித்த புத்தி இரத்தத்தையும் விடவில்லை என்றே தோன்றுகிறது. உண்மை என்ன? திரும்பி வருகிற இரத்தத்தில் அழுக்கும் இல்லை, தீட்டும் இல்லை. அதில் ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்தும், கரியமிலவாயு கொஞ்சம் கூடியும் இருக்கிறது. அவ்வளவுதான். மனிதன் சும்மா இருக்கும்போது, திரும்பி வருகிற இரத்தத்திலும் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது. அது நீலமாகவும் இருப்பதில்லை; கருஞ்சிவப்பாக இருக்கிறது.

இதனால் பரீட்சையிலும் பிள்ளைகள் இடறி விழுகிறார்கள். தமனி என்றால் சுத்த இரத்தம், சிரை என்றால் அசுத்த இரத்தம் என்று உருப்போட்டவன், நுரையீரல் தமனிக்கு வந்தவுடன் திகைக்கிறான். ஏனென்றால் அதில் ஓடுவது ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம். நுரையீரல் சிரையில் ஓடுவதோ ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம். இருதயத்திலிருந்து வெளியே கொண்டு போவது தமனி, இருதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் ஏது? ஆகவே சுத்தம், அசுத்தம் என்கிற இரண்டு வார்த்தைகளையும் இரத்தப் பாடத்திலிருந்து அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

பெரியவர் சொன்னார் என்பதற்காக

வார்த்தையை நம்பி வஸ்துவைப் பாராதிருந்தது நம் நாட்டில் மாத்திரமல்ல. செத்த உடம்பை அறுத்துப் பார்த்த பழைய கிரேக்கரில் சிலர், தமனிகளில் இரத்தம் இல்லாததைக் கண்டு, அவை காற்றுக் குழாய்கள் என்று எண்ணினார்கள். ஆர்டீரியா என்கிற பெயர் மூச்சுக்குழலுக்கும் தமனிக்கும் ஒன்றாகவே இருந்தது. பிறகு மூச்சுக்குழலைச் "சொரசொரப்பான ஆர்டீரியா" என்று பிரித்துச் சொன்னார்கள். அந்தச் "சொரசொரப்பு" என்கிற வார்த்தைதான் இன்று ட்ரக்கியா என்று தனியே நிற்கிறது. தமனியில் ஓடுவது இரத்தமே என்று காலன் என்பவர் இரண்டாம் நூற்றாண்டில் காட்டினார். ஆனால் அவரும், இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாய் இரத்தம் கசிகிறது என்று சொல்லிவிட்டார். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஐரோப்பாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அதையே ஒப்பித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இப்னு அல் நஃபீஸ் என்கிற வைத்தியர், அந்தச் சுவரில் துவாரமே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று எழுதி வைத்தார்.

1628-இல் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹார்வி என்பவர் ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்கை இன்றைய அளவில் நாமே போட்டுப் பார்க்கலாம். இருதயம் ஒரு தடவை துடித்தால் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். மனிதன் உடம்பில் மொத்தமே சுமார் 5 லிட்டர் இரத்தம்தான் இருக்கிறது. மணிக்கு 300 லிட்டர் புது இரத்தம் எந்தச் சாப்பாட்டிலிருந்து உண்டாகும்? ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார். தமனிக்கும் சிரைக்கும் நடுவே உள்ள மயிரிழைக் குழாய்களை அவர் பார்த்ததில்லை. 1661-இல் மல்பீகி என்கிற இத்தாலியர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்து அவற்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்டவனாலும் கண்ணால் பார்த்தவனாலும் வைத்தியம் வளர்ந்ததே தவிர, ஒப்பித்தவனால் வளரவில்லை.

வார்த்தை தவறினால் உயிர் தவறும்

இதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சங்கதிதானே, நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். மூன்று வெவ்வேறு ஆபத்துக்களை நம் ஜனங்கள் ஒரே வார்த்தையில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவது, மாரடைப்பு. இருதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கிற கரோனரிக் குழாய் அடைத்துக்கொண்டு, அந்தத் தசை சாக ஆரம்பிப்பது. நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வரலாம். ஆள் பெரும்பாலும் பேசிக்கொண்டுதான் இருப்பான். பேசுகிறானே என்று வாயுக்குக் கஷாயம் கொடுத்துக் காலம் கடத்தாமல், உடனே 108-க்குச் சொல்லி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, இருதயம் நின்றுபோதல். ஆள் விழுந்துவிடுவான்; கூப்பிட்டால் பேச்சு இராது; சரியான மூச்சும் இராது. அப்போது 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருகிற வரை மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாய் அழுத்த வேண்டும். மூன்றாவது, ஹார்ட் ஃபெயிலியர் என்கிறது. இதைக் கேட்டவுடன் இருதயம் நின்றுவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று வீட்டார் அழ ஆரம்பித்து விடுகிறார்கள். அதன் அர்த்தம் அதுவல்ல. தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள இருதயத்துக்குச் சக்தி போதவில்லை என்பதே அர்த்தம். ஒழுங்காய் மருந்து சாப்பிட்டு வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் தமிழில் பிரித்துச் சொல்லத் தெரியாத நர்சும் வைத்தியரும் எத்தனை பரீட்சை தேறி என்ன பிரயோஜனம்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோயாளி சொல்லுகிற வார்த்தையும் வைத்திய வார்த்தைதான். "படுத்தா மூச்சு முட்டுது, எந்திரிச்சு உக்காந்தா தேவலை" என்று ஒரு அம்மாள் சொன்னால், அதுதான் புத்தகத்தில் உள்ள ஆர்த்தாப்னியா. இருதயம் பலவீனப்பட்டதற்கு அது ஓர் அடையாளமாய் இருக்கலாம். "நெஞ்சு கரிக்குது" என்பது வேறு, "நெஞ்சை அமுக்குது" என்பது வேறு, "படபடன்னு அடிச்சுக்குது" என்பது வேறு. ஆர்த்தாப்னியாவுக்கு விளக்கம் எழுதி முழு மார்க்கு வாங்கியவன், அந்த அம்மாள் சொல்லும்போது காதில் வாங்காமல் இருந்தால், அவன் படித்தது யாருக்காக?

தமிழில் முடியுமா என்பவர்களுக்கு

உலகமெல்லாம் வழங்குகிற வார்த்தைகளைத் தள்ளிவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டும், யந்திரமும், புதுப் புத்தகமும் அந்த வார்த்தைகளில்தான் வருகின்றன. அவை தெரிந்தே ஆக வேண்டும். அதுபோலவே, கிரேக்க மந்திரத்தை எடுத்துவிட்டு, யாருக்கும் விளங்காத கடுந்தமிழ் மந்திரத்தை அந்த இடத்தில் வைப்பதையும் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். வால்வு என்பது சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரிந்த வார்த்தை. அதை எடுக்க வேண்டிய அவசியமில்லை. வார்த்தை எந்தப் பாஷையாயிருந்தாலும் இருக்கட்டும். அர்த்தம் ஜனங்களின் பாஷையில் இருக்க வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

தமிழில் வைத்தியம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்கிற பாதிரி வைத்தியர், மானிப்பாயில் இருந்துகொண்டு நம் பாஷையைக் கற்று, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணாக்கர்களுக்குப் போதித்தார். உடலமைப்பு, இரணவைத்தியம், பிரசவம் முதலியவற்றைப் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கி அச்சிட்டார். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே ஓர் அந்நியருக்கு முடிந்த காரியம், இவ்வளவு கல்லூரிகளும் அச்சுக்கூடங்களும் உள்ள இன்று நமக்கு முடியாது என்றால், அது பாஷையின் குற்றமா, மனதின் குற்றமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். எந்த வார்த்தையையும் அதன் துண்டுகளைப் பிரித்து அர்த்தம் சொல்லாமல் கற்பிக்கக் கூடாது. ஓர் ஆட்டு இருதயத்தை அறுத்து, இடது சுவர் ஏன் வலது சுவரைவிடத் தடிப்பாயிருக்கிறது என்று காட்டிவிட்டுப் பிறகு பெயரைச் சொல்ல வேண்டும். தான் படித்ததை ஒரு படியாத மனிதனுக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவதும் பரீட்சையில் ஒரு பகுதியாக வேண்டும். படிக்கின்ற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லுகிறோம். விளங்காவிட்டால் வெட்கப்படாமல் "அர்த்தம் என்ன?" என்று கேளுங்கள். அர்த்தம் சொல்ல முடியாதவர்தான் வெட்கப்பட வேண்டியவர். வைத்தியசாலைக்குப் போகிற தோழர்களும், தங்களுக்கு என்ன வியாதி, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டே திரும்ப வேண்டும். துடிப்பது நம் இருதயம். இளைப்பது நம் நுரையீரல். அவற்றைப் பற்றிய பேச்சு நமக்கு விளங்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமையே ஒழிய, யாரிடமும் கேட்கிற பிச்சையல்ல.