உச்சியில் தட்டினால் போதுமா?

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறிவிட்டால் நம் வீடுகளில் மூன்று காரியங்கள் நடைபெறும். ஒருவர் உச்சந்தலையில் தட்டுவார். மற்றொருவர் தண்ணீரை நீட்டுவார். மூன்றாமவர், "யாரோ உன்னை நினைத்துக்கொள்கிறார்கள்" என்பார். மூன்றும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆனால் புரையேறுவது வேறு, மூச்சுக்குழல் அடைபடுவது வேறு. முன்னதை இருமலே தீர்த்துவிடும். பின்னதில், தலையில் தட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விடக் கூடும்.

தொண்டையில் மூச்சுக்குழல் முன்புறமும் உணவுக்குழல் பின்புறமும் இருக்கின்றன. நாம் விழுங்கும் கணத்தில் சிறு மூடி ஒன்று காற்று வழியை மறைத்துக்கொள்கிறது. வாயில் பண்டத்தை வைத்துக்கொண்டு சிரித்தாலோ, பேசினாலோ, அது வழி தவறி இறங்கிவிடுகிறது. பெரிய துண்டாயிருந்து குழலை முற்றும் அடைத்துவிட்டால் இருமுவதற்கே காற்று இராது. சில நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும். வைத்தியர் வந்து சேருவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். ஆகவே, பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவரே அந்த நேரத்து வைத்தியர்.

அடையாளம் யாது? "பேச முடிகிறதா?" என்று கேளுங்கள். பேசவும் பலமாக இருமவும் முடிந்தால், நன்றாக இருமும்படி சொல்லி அருகில் இருந்தால் போதும். பேச்சு எழாமல், இருமலில் ஓசை இல்லாமல், கைகள் கழுத்தைப் பற்றிக்கொண்டு, உதடுகள் நீலம் பாய்ந்தால் அதுவே ஆபத்து. இந்த ஆபத்து சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. மேலும், பந்தியில் பலர் முன்னிலையில் அவஸ்தைப்படக் கூசி, சிலர் எழுந்து தனியிடம் போய்விடுவதுண்டு. அவர்களைத் தனியே விடலாகாது.

அமெரிக்காவில், உணவு விடுதிகளில் இவ்விதம் சாய்ந்தவர்கள் மாரடைப்பினால் இறந்ததாகவே கருதப்பட்டதுண்டு. 1963-ல் வெளிவந்த ஒரு வைத்தியக் கட்டுரை இந்தத் தவற்றை எடுத்துக்காட்டியது. 1974-ல் சின்ஸினாட்டி நகரத்து டாக்டர் ஹென்றி ஹைம்லிக், வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தினால் நுரையீரலில் எஞ்சியுள்ள காற்றே அடைப்பை உந்தித் தள்ளும் என்று எழுதினார். 2016-ல், தமது தொண்ணூற்றாறாம் வயதில், தாம் வசித்த முதியோர் இல்லத்தில் எண்பத்தேழு வயது மூதாட்டி ஒருவரை அதே முறையால் அவர் காப்பாற்றினார்.

இன்று வைத்தியர்கள் கூறும் முறை இது. முதலில் ஒருவரை 108-க்குத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லுங்கள். அடைபட்டவரை முன்னே குனியச் செய்து, ஒரு கையால் மார்பைத் தாங்கி, மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். அடைப்பு விலகாவிட்டால், பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கைகளை வளைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கை முஷ்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அடைப்பு விலகும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தாமல் மார்பெலும்பின் நடுவே அழுத்த வேண்டும். நினைவு தப்பிவிட்டால் தரையில் படுக்கவைத்து, மார்பை அழுத்தும் உயிர்ப்புச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையின்மேல் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தம். இவற்றை மாறி மாறிச் செய்ய வேண்டும். தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொள்வது அவசியம்.

செய்யத் தகாதவை: மூச்சடைத்தவருக்குத் தண்ணீரோ, வாழைப்பழமோ, சோற்றுருண்டையோ கொடுக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவலாகாது. அது இன்னும் ஆழத்தில் போய்விடும். வயிற்றை அழுத்திக் காப்பாற்றப்பட்டவரை, அவர் சுகமாகத் தோன்றினாலும், வைத்தியரிடம் காட்ட வேண்டும். உள்ளுறுப்புகளில் காயம் நேர்ந்திருக்கக் கூடும்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கு முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் கொடுக்க வேண்டாம். புளியங்கொட்டை, காசு, பொத்தான் முதலியவற்றை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஓடியாடும்போது ஊட்டாதீர்கள்.

இம்முறையைச் செய்யப் பெரிய பலம் வேண்டியதில்லை. ஆனால் தயக்கம் கூடாது. மாமனாரின் முதுகில் மருமகள் ஓங்கித் தட்டலாமா, முன்பின் அறியாத பெண்மணியைப் பின்னாலிருந்து பிடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் நாழி கடந்துவிடும். மரியாதையும் கூச்சமும் நல்ல குணங்களே. ஆயினும் மூச்சு நின்றவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்றே: மீண்டும் மூச்சு வரச் செய்வது. இன்று இராப்போஜனத்துக்கு முன், வீட்டிலுள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, கை வைக்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டிக்கொடுங்கள். சுகமாயிருப்பவர்மேல் அழுத்திப் பழக வேண்டாம்.