அருளானந்தருக்கு வந்த சோதனை

ஆத்ம சோதனை என்றவுடன் துன்பத்தையே நினைக்கிறோம்; சுகமும் சோதனையாக வரக்கூடும் என்பதை அர்ச். அருளானந்தரின் சரித்திரம் காட்டுகிறது. லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பெத்ருவின் தோழராய் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ என்ற அந்த இயேசு சபைக் குரு, 1674இல், செஞ்சிக்கோட்டை சிவாஜியின் வசமாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, குன்றெல்லாம் பாறை வெயிலில் கொதிக்கும் இந்தச் செஞ்சிச் சீமைக்கு வந்து, பண்டாரசுவாமிகளைப் போல் காவியுடுத்து, மாமிசம் நீக்கி, சோறும் காய்கறியும் உண்டு, வெறுந்தரையில் படுத்து, ஜனங்களுக்கு வேதம் போதித்தார். 1686இல் மறவர் சீமையில் பட்ட சித்திரவதைக்கு அவர் அசையவில்லை. ஆனால் மறுவருஷம் லிஸ்பன் சென்ற அவரை, அரசராகிவிட்ட அந்தப் பால்ய சிநேகிதர் அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினாரே, அதுவே, என் அபிப்பிராயத்தில், சவுக்கடியினும் கொடிய சோதனை. வலிக்கு இறுகும் நெஞ்சு அன்புக்கு இளகிவிடும் அல்லவா? தேவகிருபையைப் பற்றிக்கொண்டு, வரப்போவதை அறிந்தும், 1690இல் அவர் தமிழகம் திரும்பினார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். விசுவாசம் தளர்ந்து, ஜெபிக்கவும் நாவெழாமல் தவிக்கும் அன்பர்கள் அவருடைய சரித்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.