அபராதப் பாக்கியும் காப்பீட்டுச் சுமையும்

அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்பட்டவர் மீண்டும் காரோட்ட, பல மாநிலங்கள் எஸ்ஆர்-22 சான்றிதழ் கேட்கின்றன. இது தனிக் காப்பீடு அல்ல. குறைந்தபட்சக் காப்பீடு இருப்பதாகக் காப்பீட்டு நிறுவனம் அரசுக்குத் தரும் உறுதி. பெரும்பாலும் 3 ஆண்டுகள் தொடர வேண்டும். சான்றிதழ்க் கட்டணம் சொற்பம்தான்; அபாயமான ஓட்டுநர் என்று கணக்கில் ஏறியதும் உயரும் பிரீமியம்தான் ஆளை அழுத்துகிறது. தவணை தவறிக் காப்பீடு ரத்தானால் நிறுவனமே அரசுக்குத் தெரிவிக்கும். உரிமம் மறுபடி பறிபோகும்.

குடித்துவிட்டு ஓட்டியவரிடம் கூடுதலாக வாங்குவதில் தவறே இல்லை. ஃபுளோரிடா அவர்களிடம் ஒருவரின் காயத்துக்கு 1 லட்சம் டாலர், ஒரு விபத்துக்கு 3 லட்சம் டாலர் அளவுக்குக் காப்பீடு கேட்கிறது. அடிபடுவோரை நினைத்தால் அது நியாயம். ஆனால் நீதிமன்ற அபராதம் கட்டப் பணமில்லாமல் உரிமம் இழந்தவர் எந்த வகையில் அபாயமானவர்? இடைநிறுத்தம் பதிவில் இருப்பதாலேயே அவருக்கும் பிரீமியம் ஏறலாம். பேருந்தே இல்லாத ஊரில் வேலைக்குப் போக அவர் என்ன செய்வார்? காப்பீடின்றி ஓட்டத் துணிவார். மோதினால் அடிபட்டவருக்கும் இழப்பீடு கிடைப்பது அரிது. அபராதப் பாக்கிக்காக உரிமத்தை முடக்குவதைக் கலிபோர்னியா 2017-இல் கைவிட்டது. இன்னும் முடக்கிவரும் மாநிலங்களும் தாமதிக்காமல் அதைக் கைவிட வேண்டும்.