பழைய பெட்டிக்குப் புது கார்டு



போன வருடம் நம்ம லேபில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் கிலோ கணக்கில் காயலான் கடை வண்டியில் ஏறியதை எல்லோரும் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தோம். "போகட்டும்டா, விண்டோஸ் 10-க்கே மூச்சு வாங்குது" என்றான் பக்கத்தில் நின்றவன். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. இந்த மலரில் திறக்கிறேன். அவற்றில் சிலவற்றுக்காவது ஒரு கிராபிக்ஸ் கார்டு போதுமாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

சும்மா சொல்லவில்லை. அதே ரகப் பெட்டி ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. மூடிப்போன பிரௌசிங் சென்டரில் அப்பா 2,500 ரூபாய்க்கு வாங்கி வந்தது. கோர் 2 டியோ, 4 ஜிபி ராம், இன்டெல் ஜி31 போர்டு. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான் என்பதால், அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் உள்ளே விட்டார்!

விண்டோஸ் 7 இருந்தவரை நன்றாகவே ஓடியது. கேட் பயிற்சிக்காக விண்டோஸ் 10 போட்டேன். அவ்வளவுதான். எழுத்தெல்லாம் உப்பிப்போய், திரை 1024-க்கு 768 என்று நின்றுவிட்டது. மவுஸை உருட்டினால் பக்கம் படிக்கட்டு மாதிரி இறங்கியது. பெட்டியே செத்துவிட்டது என்று நினைத்தேன்.

செத்தது பெட்டி இல்லை நண்பர்களே. ஜி31 போர்டில் படம் வரையும் பகுதி 2007-ஆம் வருடத்துச் சரக்கு. அதற்கு விண்டோஸ் 10 டிரைவரை இன்டெல் தரவே இல்லை. அதனால் விண்டோஸ் ஒரு பொது டிரைவரை வைத்து ஒப்பேற்றுகிறது. கார்டு வரைய வேண்டியதை எல்லாம் பிராசஸர் தலையில் கட்டுகிறது. போதாக்குறைக்கு அந்த இன்டெல் பகுதிக்குத் தெரிந்தது டைரக்ட்எக்ஸ் 9. இன்றைய ஆட்டோகேட் கேட்பதோ டைரக்ட்எக்ஸ் 11.

அப்பா தறி ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும், "பிக்கர் தேஞ்சா பிக்கரைத்தானப்பா மாத்துவோம், தறியவா தூக்கிப் போடுவோம்?" என்றார். மறுநாள் 1,400 ரூபாய் கொடுத்தார். அது அவருடைய எத்தனை ஷிப்ட் என்று எனக்குத் தெரியும்.

செகண்ட் ஹேண்டில் ஜீஃபோர்ஸ் ஜிடி 710 வாங்கினேன். 19 வாட்தான் இழுக்கும். தனி பவர் ஒயர் வேண்டாம், பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். ஆனால் அங்கேயும் சொதப்பினேன். என்னுடையது ஒல்லி கேபினட், கார்டில் இருந்ததோ நெட்டைத் தகடு. மூடி மூடவில்லை! குட்டைத் தகடு கிடைக்கிற வரை ஒரு வாரம் பெட்டி திறந்தபடியே ஓடியது. வாங்கும்போதே தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

டிரைவர் ஏறியதும் திரை நிமிர்ந்தது. 2டி வரைபடம் தடங்கல் இல்லாமல் நகர்கிறது. 3டி என்றால் திணறல்தான், அதை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14.10.2025-உடன் முடிந்தது. சரி, 11-க்குப் போகலாம் என்றால், அது கேட்கும் டைரக்ட்எக்ஸ் 12 என் கார்டிடம் உண்டு. ஆனால் டிபிஎம் 2.0 இல்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத பிராசஸரில் கிளம்பவே கிளம்பாது. கோர் 2 டியோவில் அது கிடையாது. எத்தனை ஆயிரத்துக்குக் கார்டு போட்டாலும் இதை மாற்ற முடியாது. கார்டுக்கும் கெடு உண்டு: என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புது டிரைவர்களை 2021-இல் நிறுத்தியது, பாதுகாப்புத் திருத்தங்களை 2024-இல் நிறுத்தியது.

பணக்காரப் பெட்டிக்கும் இதே கதிதான். 2010, 2012 மேக் புரோக்களில் மொஹாவே ஓட வேண்டுமானால் மெட்டல் தெரிந்த கார்டு போடுங்கள் என்றது ஆப்பிள். அது 2018. போட்டார்கள். 2019-இல் வந்த கேட்டலினா, அந்தப் பெட்டிகளைச் சேர்க்கவே இல்லை! தறி விற்றவன் எவனாவது புது நூலை உன் பழைய தறியில் ஓட்டாதே என்பானா?

அதனால் இப்போது என் பெட்டியில் இரண்டு வைத்திருக்கிறேன். வரைபடத்துக்கு மட்டும் விண்டோஸ் 10. நெட், படிப்பு, டைப்பிங் எல்லாம் லினக்ஸ். அங்கே நூவோ என்ற திறந்த டிரைவர் இந்தக் கார்டை இன்னும் ஓட்டுகிறது. (லேப்டாப் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்குக் கார்டு மாற்ற உள்ளே இடமே இல்லை.)

யூனியன் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை லேப் பெட்டிகளைக் கழிக்கும்போது, முதல்வரிடம் பேசி ஒரு வாரம் அவகாசம் வாங்கித் தாருங்கள். மூடியைத் திறந்து, கார்டு ஸ்லாட் இருக்கிறதா, என்ன பிராசஸர் என்று நாமே பார்த்துப் பிரிப்போம். தேறுவது ஹாஸ்டல் முதலாண்டு மாணவர்களுக்குப் போகட்டும், தேறாதது காயலான் கடைக்குப் போகட்டும். சோதித்துப் பார்க்க என் வீட்டுக் கார்டைக் கழற்றி எடுத்து வருகிறேன். தகடு இரண்டும் என்னிடம் இருக்கிறது.